மூன்றாவது கியரில் மூச்சுத் திணறும் கார்: ஜெட்டைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பச்சை விளக்கு எரிகிறது. கார் நன்றாகவே கிளம்புகிறது. முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் குறை எதுவும் இல்லை. மூன்றாவது கியரில், கால் பெடலை அடிவரை மிதித்திருக்கும்போதே இயந்திரம் தயங்குகிறது. பின்னாலிருந்து யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல் வேகம் மட்டுப்படுகிறது. 402 மீட்டர் கோட்டைத் தொடும்போது பக்கத்து ஓடுதளக் கார் எப்போதோ போய்விட்டது.

டிராக் பந்தயத்தில் காபரேட்டர் காரை ஓட்டுபவர்கள் பலருக்கும் இது பழகிய காட்சி. திடலுக்குத் திரும்பியதும் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். "போமென் அண்ணே, ஜெட் சின்னதா இருக்கு போல, ஒரு சைஸ் பெருசாக்கிப் பார்ப்போமா?" என்று கேட்பார் ஓட்டுநர். ஜெட் மாறும். அடுத்த ஓட்டத்தில் கிளம்பும்போதே கரும்புகை வரும். மூன்றாவது கியரில் அதே தயக்கம் இருக்கும். மாலைக்குள் நான்கு ஜோடி ஜெட் மாற்றியாகிவிடும். பிரச்சினை இருந்த இடத்திலேயே இருக்கும்.

காரணம் எளிது. ஜெட் என்பது கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலை அளந்து இயந்திரத்துக்குக் கொடுக்கும் சிறு துளை. கிண்ணத்துக்கே பெட்ரோல் வந்து சேரவில்லை என்றால், துளையைப் பெரிதாக்குவதால் கிண்ணம் இன்னும் சீக்கிரம் காலியாகும், அவ்வளவுதான்.

இதில் போவது ஒரு பந்தயம் மட்டுமல்ல. பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவையை, பட்டறை வழக்கில் 'லீன்' என்பார்கள். முழு வேகத்தில் இயந்திரம் லீன் ஆனால் எரியறையின் வெப்பம் கட்டுமீறும், நாக்கிங் தொடங்கும். பிஸ்டனின் தலை உருகி ஓட்டை விழச் சில வினாடிகள் போதும். மாதக்கணக்கில் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டிய இயந்திரம், அரை நிமிடத்துக்கும் குறைவான ஓட்டத்தில் இரும்புக் கடைக்குப் போகும் நிலைக்கு வந்துவிடும். "கொஞ்சம் தயங்குது, இன்னும் ரெண்டு ரன் போட்டுப் பார்ப்போம்" என்ற முடிவுதான் இந்த விளையாட்டில் அதிகச் செலவு வைக்கும் முடிவு.

கூரைத் தொட்டியும் காபரேட்டரும்

இன்றைய கார்களில் இந்தத் தொல்லை இந்த வடிவில் இல்லை. அவற்றில் பெட்ரோல் உயர் அழுத்தத்தில் இன்ஜெக்டருக்குப் போகிறது. எவ்வளவு தெளிப்பது என்பதைக் கணினி முடிவு செய்கிறது. ஆனால் டிராக் உலகம் காபரேட்டரை அவ்வளவு எளிதில் விட்டுவிடவில்லை. அமெரிக்காவின் என்.எச்.ஆர்.ஏ. நடத்தும் புரோ ஸ்டாக் கார் பிரிவே 2016இல்தான் காபரேட்டரிலிருந்து இன்ஜெக்‌ஷனுக்கு மாறியது. இங்கே 1985இல் அறிமுகமான முதல் புரோட்டோன் சாகா, பழைய டாட்சுன், கொரோலா போன்ற கார்களை வைத்திருப்பவர்களுக்குக் காபரேட்டர் இன்றும் கைக்கு அடங்கிய, செலவு குறைந்த வழி. இரட்டை வெபர் பொருத்திய இயந்திரத்தின் சத்தத்துக்காகவே அதை விடாதவர்களும் உண்டு.

காபரேட்டரின் உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ள, தாமான் வீடுகளின் கூரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொண்டால் போதும். தொட்டியில் ஒரு மிதவை இருக்கும். நீர்மட்டம் இறங்கினால் மிதவை இறங்கி வால்வு திறக்கும், நிறைந்தால் மூடும். காபரேட்டர் கிண்ணத்திலும் அதேதான். மிதவை இறங்கினால் ஊசி வால்வு திறந்து, பம்ப் அனுப்பும் பெட்ரோல் உள்ளே வரும்.

தண்ணீர்த் தடைக்குப் பிறகு குழாயில் தண்ணீர் மெல்ல மெல்லத் திரும்பும் நாளில் என்ன ஆகிறது? தொட்டி நிறைந்திருக்கும் வரை குளியலறையில் எல்லாம் சரியாகவே இருக்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் குளித்தால் தொட்டி வற்றத் தொடங்கும். வரும் தண்ணீர் ஈடுகொடுக்காது. மூன்றாவது கியரில் காருக்கு நேர்வதும் இதுதான். முதல் சில வினாடிகள் கிண்ணத்தில் ஏற்கெனவே இருந்த பெட்ரோலில் ஓடுகிறது. அதற்குப் பிறகு, பின்னால் இருக்கும் டாங்கியிலிருந்து வந்துகொண்டே இருக்க வேண்டும். கிண்ணம் முழுதாக வற்றவும் தேவையில்லை. மட்டம் இறங்க இறங்கவே ஜெட் வழியாக ஏறும் பெட்ரோல் குறைந்து கலவை லீன் ஆகிவிடும்.

எவ்வளவு வேண்டும்? ஒரு குதிரைத் திறனுக்கு மணிக்கு அரை பவுண்டு பெட்ரோல் என்பது பந்தயப் பட்டறைகளின் பழைய கணக்கு. 160 குதிரைத் திறன் தரும் நான்கு சிலிண்டர் இயந்திரத்துக்கு மணிக்கு 80 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 36 கிலோ ஆகும். லிட்டரில் சொன்னால் மணிக்குச் சுமார் 49, நிமிடத்துக்கு 0.8 லிட்டர், வினாடிக்கு 14 மில்லிலிட்டர். 14 வினாடி ஓட்டத்துக்கு 200 மில்லிலிட்டர்கூட ஆகாது. ஒரு கிளாஸ் தே தாரிக் அளவுதான். டாங்கியில் எவ்வளவு இருக்கிறது என்பது இங்கே கேள்வியே இல்லை. அந்த ஒரு கிளாஸ், அந்த 14 வினாடிக்குள், தடைபடாமல் வருகிறதா என்பதே கேள்வி. 600 குதிரைத் திறன் வி8 என்றால் நிமிடத்துக்கு 3 லிட்டர் வேண்டியிருக்கும்.

எங்கே தயங்குகிறது?

பந்தயத் தூரத்தில் கார் எந்த இடத்தில் தயங்குகிறது என்பதே முதல் தடயம். ஓட்டுநர் அதைக் கவனித்துச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

பெடலை மிதித்த அதே நொடியில் 'டப்' என்று வெடித்துத் தடுமாறினால், அது பெரும்பாலும் டாங்கி, பம்ப் சம்பந்தப்பட்டதல்ல. காபரேட்டருக்குள்ளேயே இருக்கும் ஆக்சிலரேட்டர் பம்ப் சரியாகப் பீச்சவில்லை என்று பொருள். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, காபரேட்டர் வாயைப் பார்த்தபடி திராட்டிலை அசைத்தால் கண்ணாலேயே தெரிந்துவிடும்: தொட்டதும் பெட்ரோல் கோடுபோல் பாய வேண்டும்.

கிளம்பி ஓரிரு வினாடிக்குள், கார் மிக வேகமாக முன்னே தாவும் கட்டத்தில் தயங்கினால், பெட்ரோல் பின்னோக்கித் தள்ளப்படுவதைச் சந்தேகிக்க வேண்டும். டாங்கியின் உறிஞ்சு குழாய் முன்பக்கம் இருந்து, டாங்கியில் பெட்ரோலும் குறைவாக இருந்தால், அந்த நேரத்தில் குழாய் காற்றைத்தான் உறிஞ்சும். எடையைக் குறைக்க டாங்கியில் சில லிட்டர் மட்டும் ஊற்றி ஓடும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது அடிக்கடி நேரும். சோதிக்கச் செலவே இல்லை: அரை டாங்கி நிரப்பி ஒரு ஓட்டம். தயக்கம் போய்விட்டால் விடை கிடைத்துவிட்டது. ஹோலி வகைக் காபரேட்டர்களில் பின்பக்கக் கிண்ணத்துக்கும் இதே சிக்கல் உண்டு. பெட்ரோல் பின்சுவரில் ஏற, முன்பக்கம் இருக்கும் ஜெட் வெளியே தெரிய ஆரம்பிக்கும். அதற்காகவே ஜெட்டில் செருகும் நீட்டுக்குழாய்கள் விற்கிறார்கள்.

பாதி தூரம் கழித்து, மேல் கியர்களில் படிப்படியாக வலுவிழந்தால், அது வரத்துக் குறைவு. பம்ப், ஃபில்டர், குழாய், ஊசி வால்வு, டாங்கி மூடி ஆகிய ஐந்தில் ஒன்றுதான் காரணம். அதிகத் தலைவலி தருவதும் இந்த வகையே.

வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் பொருத்தியிருந்தால் இந்த வேறுபாடு எண்ணிலேயே தெரியும். முழுத் திராட்டிலில் காற்று–பெட்ரோல் விகிதம் 12.5 முதல் 13 வரை இருப்பது பெட்ரோல் இயந்திரங்களுக்குப் பொதுவாக ஏற்றது. தொடக்கம் முதல் இறுதி வரை 14இலேயே நின்றால் ஜெட் சிறியது என்று எடுத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் 12.8 காட்டி, போகப் போக 13.5, 14, 15 என்று ஏறினால் ஜெட்டில் குற்றமில்லை, வரத்தில்தான் குற்றம். ஒரே ஓர் எச்சரிக்கை: பிளக் தீப்பொறி தவறினாலும் சென்சார் லீன் என்றே காட்டும். எரியாமல் வெளியேறும் ஆக்சிஜனைத்தான் அது எண்ணுகிறது. ஆகவே பிளக், கேபிள், காயில் மூன்றையும் முதலில் சரிபார்த்துவிட்டுத்தான் பெட்ரோல் பக்கம் வர வேண்டும்.

'பிரஷர் நல்லாதான் இருக்கு'

பட்டறைகளில் அதிகம் ஏமாற்றும் வாக்கியம் இது. கார் நிற்கும்போது, இயந்திரம் ஐட்லிங்கில் இருக்கும்போது, மீட்டரில் 3 பி.எஸ்.ஐ. காட்டுகிறது என்பது உண்மையாகவே இருக்கலாம். வெபர் டி.சி.ஓ.ஈ. வகைக்கு அவ்வளவுதான் வேண்டும். ஹோலி வகைக்கு 5 முதல் 7 வரை. ஆனால் அழுத்தம் வேறு, அளவு வேறு. தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் மூடினால் அழுத்தம் பிரமாதமாக இருக்கும், வாளி நிரம்பாது. ஐட்லிங்கில் ஊசி வால்வு ஏறக்குறைய மூடியே இருப்பதால், அடைத்துக்கொண்ட ஃபில்டர்கூட அங்கே நல்ல அழுத்தம் காட்டும்.

இதில் பலர் கணக்கில் எடுக்காத இன்னொன்றும் உண்டு. டாங்கியிலிருந்து முன்பக்கம் வரை 3 மீட்டர் நீளக் குழாய் முழுக்கப் பெட்ரோல் நிற்கிறது. கார் முன்னே பாயும்போது அந்தத் தூண் முழுவதும் பின்னோக்கி அழுத்துகிறது. காரின் முடுக்கம் புவியீர்ப்பில் பாதி அளவு என்றால், குழாயின் முன்முனையில் சுமார் 1.6 பி.எஸ்.ஐ. குறைந்துவிடும். நல்ல ஸ்லிக் டயரோடு புவியீர்ப்புக்குச் சமமான முடுக்கத்தில் கிளம்பும் காருக்கு 3.2 பி.எஸ்.ஐ. போகும். நிற்கும்போது 3 காட்டிய அமைப்பில், பம்பின் கையிருப்பு வலு குறைவாக இருந்தால், கிளம்பும் நேரத்தில் ஊசி வால்வை எட்டுவது எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளலாம்.

பழைய கார்களில் இயந்திரத்தோடு இணைந்த மெக்கானிக்கல் பம்ப் முன்னாலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுக்கிறது. அதற்கு நிலைமை இன்னும் மோசம். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்துவிடும். நம் நாட்டு வெயிலில் சூடேறிய பெட்ரோல், அந்தக் குறைந்த அழுத்தத்தில் குழாய்க்குள்ளேயே ஆவியாகத் தொடங்கும். பம்ப் ஆவியைத் தள்ளப் பார்க்கும், கிண்ணம் காயும். காலையில் ஒழுங்காக ஓடிய கார் மதியம் இரண்டு மணிக்குத் தயங்குகிறது என்றால் இதையும் நினைக்க வேண்டும். எலக்ட்ரிக் பம்பைப் பின்னால், டாங்கிக்குப் பக்கத்தில், தாழ்வான இடத்தில் பொருத்தச் சொல்வது இதனால்தான். அந்த வகைப் பம்ப் தள்ளுவதில் கெட்டிக்காரன், உறிஞ்சுவதில் சோம்பேறி.

வாளிச் சோதனை

பட்டறையிலேயே செய்யக்கூடிய, ஏமாற்றாத சோதனை ஒன்று உண்டு. காபரேட்டருக்குள் நுழையும் ஹோஸைக் கழற்றி, அளவு குறித்த பெட்ரோல் தோங்குக்குள் விட்டு, இயந்திரத்தை இயக்காமல் எலக்ட்ரிக் பம்பை மட்டும் 30 வினாடி ஓட விட வேண்டும். 160 குதிரைத் திறன் காருக்கு நிமிடத்துக்கு 0.8 லிட்டர் என்பது வெறும் தேவை. இது எதிர்ப்பே இல்லாத ஓட்டம் என்பதால் குறைந்தது ஒன்றரை மடங்காவது வர வேண்டும். அதாவது அரை நிமிடத்தில் 600 மில்லிலிட்டருக்குக் குறையக்கூடாது. வந்தால் பிரச்சினை காபரேட்டர் பக்கம் என்று சாய்த்துக்கொள்ளலாம். வராவிட்டால் பின்னோக்கிப் போக வேண்டும்: ரெகுலேட்டருக்கு முன், ஃபில்டருக்கு முன், பம்ப் வாயிலேயே என்று ஒவ்வோர் இடமாகக் கழற்றி அதே 30 வினாடி. எந்த இடத்தில் அளவு சட்டென்று கூடுகிறதோ, அதற்கும் முந்தைய இடத்துக்கும் நடுவில் இருக்கிறது அடைப்பு.

இந்தச் சோதனையை மூடிய பட்டறைக்குள், சூடான இயந்திரத்தின் பக்கத்தில் செய்வது தற்கொலைக்குச் சமம். இயந்திரம் குளிர்ந்திருக்க வேண்டும், திறந்தவெளியாக இருக்க வேண்டும், தீயணைப்புக் கருவி கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். சிகரெட்டோடு வேடிக்கை பார்க்க வரும் நண்பரை முதலில் அனுப்பிவிட வேண்டும்.

பம்ப் வாயிலேயே அளவு குறைவு என்றால், உடனே புதுப் பம்ப் வாங்க ஓட வேண்டாம். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் இரு முனைகளிலும் வோல்ட் மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். எடை குறைக்க ஆல்டர்னேட்டரைக் கழற்றிய கார்களில் பேட்டரி ஒவ்வோர் ஓட்டத்துக்கும் இறங்கிக்கொண்டே போகும். மெல்லிய ஒயர், ரிலே இல்லாத சுவிட்ச், பெயின்ட் மேல் இறுக்கிய எர்த் இவையெல்லாம் சேர்ந்து 12 வோல்ட்டை 10 ஆக்கிவிடும். வோல்ட் குறைந்தால் பம்ப் சுழற்சி குறையும், பெட்ரோலும் குறையும். முற்பகலில் ஓடி பிற்பகலில் படுத்துக்கொள்ளும் காருக்கு இதுவும் ஒரு காரணம். பேட்டரியிலிருந்து தடித்த ஒயரும் ஒரு ரிலேயும் போட ஆகும் செலவு, பம்ப் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

டாங்கி மூடியை மறப்பவர்களும் உண்டு. பெட்ரோல் வெளியே போகும் அளவுக்குக் காற்று உள்ளே வர வேண்டும். காற்றுத் துளை அடைத்திருந்தால் டாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி பம்பைப் பின்னுக்கு இழுக்கும். ஓட்டம் முடிந்ததும் மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் குற்றவாளி பிடிபட்டான். அதற்காக மூடியைத் தளர்த்திவிட்டு ஓடுவது தீர்வல்ல. கார் கவிழ்ந்தால் பெட்ரோல் கொட்டும். கவிழ்ந்தால் தானே மூடிக்கொள்ளும் வால்வோடு கூடிய காற்றுக்குழாய்தான் சரி.

அதற்குப் பிறகு சின்னச் சின்ன இடங்கள். பழைய டாங்கியின் துரு ஃபில்டரை நிறைத்திருக்கலாம். ரப்பர் ஹோஸ் வெளியே புதிதுபோல் இருந்து, உள்தோல் உரிந்து வால்வுபோல் மூடிக்கொள்ளலாம். வெபர் காபரேட்டரில் பெட்ரோல் நுழையும் இடத்திலேயே ஒரு சிறு வலை வடிகட்டி இருக்கிறது. அங்கே இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். இணைப்புகளில் சுற்றிய வெள்ளை டெஃப்லான் டேப்பின் நூல் ஒன்று பிரிந்து போய் ஊசி வால்வில் சிக்கிக்கொள்வதும் உண்டு. பெட்ரோல் இணைப்பில் அந்த டேப்பைப் பயன்படுத்தவே கூடாது.

எல்லாம் சுத்தமாக இருந்தும் குறை தொடர்ந்தால், ஊசி வால்வின் துளை இயந்திரத்துக்குப் போதாமல் இருக்கலாம். வெபரில் வழக்கமாக வரும் 1.75 அளவுக்குப் பதில் 2.00 போடலாம். இதற்குப் பதிலாக ரெகுலேட்டரைத் திருகி அழுத்தத்தை ஏற்றுபவர்கள் அதிகம். 3 பி.எஸ்.ஐ.க்குச் செய்த வால்வில் 6 கொடுத்தால், ஐட்லிங்கில் மிதவையை மீறிப் பெட்ரோல் உள்ளே பாயும். காபரேட்டர் வழிந்து சூடான எக்ஸாஸ்ட் மேல் சொட்டும். கார் தீப்பிடிப்பதற்கு இதைவிட நேரான வழி இல்லை.

ஓடும்போது பார்ப்பது

வாளிச் சோதனையில் தேறிய கார் ஓட்டத்தில் தயங்கினால், ஓடும்போதுதான் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். பெட்ரோல் நேராகப் போகும் மீட்டரை ஒருபோதும் காருக்குள் வைக்கக்கூடாது. முன்கண்ணாடிக்கு வெளியே, பானெட் மேல் பொருத்தி, உள்ளே ஒரு சிறு கேமராவை அதன் பக்கம் திருப்பி வைத்தால் போதும். ஓட்டுநர் பாதையை மட்டும் பார்த்து ஓட்டலாம். ஒவ்வொரு கியரிலும் முள் எங்கே நின்றது, எங்கே விழத் தொடங்கியது என்பதைப் பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். முள் ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. விழுந்து அப்படியே நின்றால் சமாளிக்கலாம். விழுந்துகொண்டே போய்ச் சுழியத்தைத் தொட்டால் பம்ப் பக்கம் பற்றாக்குறை. முள் ஆடாமல் 3இலேயே நின்றும் கார் லீன் ஆனால், பெட்ரோல் காபரேட்டர் வாசல் வரை வந்து நிற்கிறது; ஊசி வால்வோ மிதவையோ உள்ளே விடவில்லை.

இந்த ஓட்டங்களைப் பந்தயத் திடலின் பயிற்சி நேரத்தில்தான் செய்ய வேண்டும். இரவு நெடுஞ்சாலையில் 'ஒரு சின்ன டெஸ்ட்' என்று இறங்குவது சட்டப்படி குற்றம். அதைவிட, முழு வேகத்தில் தயங்கும் காருக்குப் பின்னால் எந்த லாரி வருகிறது என்று யாருக்கும் தெரியாது.

கேமராவோ சென்சாரோ இல்லாதவர்களுக்கு ஒரு பழைய வழி இருக்கிறது. பற்றவைப்பையும் பெட்ரோல் பம்பையும் ஒரே சுவிட்சில் இணைத்துவிட வேண்டும். முடிவுக்கோட்டைத் தாண்டும் கணத்தில் கிளட்ச்சை மிதித்து அந்தச் சுவிட்சை அணைத்துவிட்டு, நேராக உருளவிட வேண்டும். சாவியைத் திருகக்கூடாது; ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். பிரேக்கும் வழக்கத்தைவிடக் கனமாக இருக்கும் என்பதை ஓட்டுநர் முன்பே அறிந்திருக்க வேண்டும். பிறகு இயந்திரத்தைத் திரும்ப இயக்காமல் காரைக் கயிறு கட்டித் திடலுக்கு இழுத்து வந்து, சூடு தணிந்ததும் வெபரின் மேல்மூடியைத் திறந்தால், ஜெட் கிணறுகளில் பெட்ரோல் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்க்கலாம். ஹோலியில் கிண்ணத்தின் பக்கவாட்டுத் திருகைக் கழற்றினால் அதே செய்தி கிடைக்கும்.

மட்டம் காலையில் அளந்து வைத்த இடத்திலேயே இருந்தால், பெட்ரோல் வந்துகொண்டுதான் இருக்கிறது. அப்போது தாராளமாக ஜெட் பெட்டியைத் திறக்கலாம். அதிலிருந்து ஒரு விரல் இறங்கியிருந்தால் ஜெட் பெட்டியை மூடிவிட்டு, காருக்கு அடியில் படுத்துப் பின்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்.